ஏழாம் இலக்கப் பிரதி

2023 வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர் நிலாந்தினி, ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு உரப்பையை இருத்திக்கொண்டு யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், சரவணையில் இருக்கும் சறோஜினிதேவி ரீச்சரின் வீட்டுக்கு வந்தாள். பைக்குள் பதினொரு நாவல்கள். அச்சானவை அல்ல, தீவுப்பகுதி எழுத்தாளர்களுக்கென்று வைத்த போட்டிக்கு வந்த தட்டச்சுப் பிரதிகள். ஒன்றிலும் எழுதியவரின் பெயர் இல்லை. முதல் தாளில் சிவப்பு மையில் ஒரு இலக்கம் மட்டும்.

"ரீச்சர், நடுவர் மூண்டு பேர் வேணும். இராசநாயகம் சேர் ஓம் எண்டிட்டார். வங்கியிலை இருக்கிற பிரதாபன் அண்ணையும் ஓம். நீங்களும் வந்தால் சரி."

மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் யோசிக்க வேண்டும். அது ரீச்சருக்குப் பெரிய வேலையாகத் தெரிந்தது.

"வையும் பிள்ளை," என்றார்.

இரண்டு வருடமாக அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் ஓம். செத்தவீட்டுக்குக் கூப்பிட்டாலும் ஓம். போய் இருந்துவிட்டு வருவார். என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

கணவர் அரியநாயகம் இறந்தது 2021 ஆவணியில். இருவருக்கும் ஒரே நாளில் கொரோனாக் காய்ச்சல் தொடங்கியது. ரீச்சரை ஒரு சிகிச்சை நிலையத்துக்கும் அவரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் அவர் போய்விட்டார். ரீச்சரை வெளியே விட இன்னும் எட்டு நாள் இருந்தது. பெறாமகன் முறையான உறவுப் பெடியன் ஒருவன் மயானத்து வாசலில் நின்று எடுத்த வீடியோவைத் தொலைபேசிக்கு அனுப்பினான். நாலு நிமிடம். வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர், மூடிக் கட்டிய ஒரு பை, பிறகு ஒரு கதவு. அவ்வளவுதான்.

ரீச்சர் வீட்டுக்கு வந்தபோது கணவரின் மூக்குக்கண்ணாடி மேசையில் இருந்தது. அதைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்தார். அழவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் அழவில்லை, ஆண்டுத் திவசத்துக்கும் அழவில்லை. சனம் முதலில் பாராட்டியது, பிறகு பயந்தது. சுவிஸில் இருக்கும் மகள் லோஜனா ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுப்பாள்.

"அழுங்கோ அம்மா. அடக்கி வைச்சிருக்கக் கூடாது."

"நான் எங்கை அடக்கிறன்? வந்தால் அழுவன்தானே."

அது உண்மைதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடையதோ கன்னம் போல இருக்கும். ரீச்சருக்குக் கிட்டத்தட்ட எல்லாமே அப்படித்தான் இருந்தது. விடிய எழும்புவார், பூப் பறிப்பார், மணி பார்த்துச் சமைப்பார், மணி பார்த்துச் சாப்பிடுவார்.

அவர் முப்பத்துநாலு வருடம் தமிழும் சைவசமயமும் படிப்பித்தவர். அரியநாயகத்தின் தகப்பனுக்குப் பண்டாரவளையில் புடவைக்கடை இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்தில் அது எரிந்தபோது, உடுத்திய உடுப்போடு ஊருக்கு வந்த இருபத்தெட்டு வயதுப் பெடியன்தான் அரியநாயகம். பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. நல்ல குரல். கோயிலில் புராணம் படிக்கும் நாட்களில் அவர் பாட்டை இழுத்துப் பாட, ரீச்சர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வார். பெண்பிள்ளை பயன் சொல்வதா என்று முதல் வருடம் முணுமுணுத்தார்கள். மூன்றாம் வருடம் பயன் கேட்கவென்றே வேலணையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர் போன பிறகு ஒருமுறை கூப்பிட்டார்கள். வேறொருவர் பாடினார். ரீச்சர் ஒரு பிழையும் விடாமல் பயன் சொன்னார். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, சொன்னது தானா வேறு யாருமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அதற்குப் பிறகு போகவில்லை.

ரீச்சர் வாசித்ததெல்லாம் அந்தப் பக்கத்துப் புத்தகங்கள். புராணங்கள், பழைய பாடல்கள், அவற்றின் உரைகள், உரைகளுக்கு எழுந்த மறுப்புகள். நாவலென்றால் அரசர் கதையாவது இருக்கவேண்டும். விண்வெளி, யந்திரமனிதன் என்று பிள்ளைகள் எதையாவது வகுப்புக்குக் கொண்டுவந்தால், "கற்பனைக்கும் ஒரு வேலி வேணும்," என்று வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார்.

நாளுக்கு ஒரு பிரதியென்று வைத்துக்கொண்டார். புள்ளித்தாளில் மொழிநடை, பாத்திரவார்ப்பு, மண்வாசனை என்று கட்டங்கள் இருந்தன. வாசித்தார், புள்ளி போட்டார். பறங்கியர் காலத்துக் கதை ஒன்று, கப்பல் வணிகர் கதை ஒன்று, போரில் பிரிந்த காதலர் கதை நாலு. நாலிலும் ஆட்கள் நிறைய அழுதார்கள். ரீச்சர் சந்திப்பிழைகளைத் திருத்தினார்.

ஏழாம் இலக்கத்தின் முதல் தாளில் 'உறங்காத தளம் - இளையோருக்கான விஞ்ஞானப் புனைகதை' என்று இருந்தது. அதை எடுத்து அடியில் வைத்துவிட்டார். மற்றப் பத்தும் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை அதுதான் மிஞ்சியது. இருநூற்றுப் பன்னிரண்டு தாள். குசினி வாசலில் கதிரையைப் போட்டு, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, சிவப்புப் பேனையோடு இருந்தார்.

முதல் தாளில் ஐந்து பிழை. இரண்டாம் தாளில் மூன்று. எழுதியவருக்கு லகர ளகர வித்தியாசம் சரிவரத் தெரியவில்லை.

கதை இதுதான். நாலாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வேறொரு சூரியனுக்குப் போகிறது. போய்ச் சேர நூற்றெண்பது வருடம். அதனால் எல்லாரையும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் குளிரில் உறங்க வைத்திருக்கிறார்கள். ஒரு பழுதால் ஏழாம் தளத்தில் உறங்கிய பதினொரு பிள்ளைகள் மட்டும் விழித்துவிடுகிறார்கள். இன்னும் அறுபத்தேழு வருடப் பயணம் இருக்கிறது. பெரியவர்கள் ஒருவரையும் எழுப்ப முடியாது. யாமினி என்ற பதினான்கு வயதுப் பெட்டைதான் அவர்களில் மூத்தவள்.

கப்பலைப் பார்த்துக்கொள்ள ஒரு யந்திரம் இருந்தது. பிள்ளைகள் அதற்கு, ஊரில் கிராம அலுவலரைச் சொல்வது போல, விதானையார் என்று பெயர் வைத்தார்கள். ஏனென்றால் எதைக் கேட்டாலும் அது விண்ணப்பம் கேட்டது. பதினாறாம் தாளில் தண்ணீர்ப் பம்பி நின்றுவிடுகிறது. யாமினி ஓடிப்போய்ச் சொல்கிறாள். விதானையார் ஆறுதலாகக் கேட்கிறது: "தாகம் உமக்கா, உமது குடும்பத்தவருக்கா?" எல்லாருக்கும் என்கிறாள் அவள். "அப்படியென்றால் பதினொரு படிவம். மேலும் பம்பி என்னுடைய பிரிவுக்குள் வராது. அது ஐந்தாம் தளத்து விதானையின் பிரிவு. அவர் நாற்பது வருடமாகப் பழுது."

ரீச்சர் சிரித்துவிட்டார்.

வாய்க்குள் சிரித்த சிரிப்பு அல்ல. சத்தமாக. அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்ததால் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். முற்றத்தில் ஒருவரும் இல்லை. திரும்ப அந்தப் பந்தியை வாசித்தார். இரண்டாம் தரமும் சிரிப்பு வந்தது.

பிறகு பேனை எங்கேயோ விழுந்துவிட்டது. யாமினி பம்பியைக் கழற்றினாள். எந்த ஆணியை முதலில் கழற்றவேண்டும், எது மறுபக்கமாகச் சுற்றும், கழற்றியதைத் தரையில் எந்த ஒழுங்கில் பரப்பினால் திருப்பிப் பூட்டலாம் என்றெல்லாம் எழுதியிருந்தது. ரீச்சர் வாழ்நாளில் ஒரு ஆணியும் கழற்றியதில்லை. ஆனாலும் கடைசியில் ஒரு சின்ன வளையம் கூடுதலாகத் தரையில் கிடந்தபோது அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பெட்டை அதைக் காணவில்லையே. மிதிக்கப்போகிறாளே.

சோறு கருகிய மணம் வந்தும் அவர் உடனே எழும்பவில்லை. அந்தத் தாளை முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

மணத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரஞ்சிதம் வந்துவிட்டாள். ஆடு வளர்ப்பவள், அவளுடைய புருஷன் மிளகாய்த் தோட்டம் செய்கிறான். ரீச்சருக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று இரண்டு வருடமாக வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"என்னக்கா, அடுப்பைப் பாக்கேல்லையே? சுகமில்லையே?"

"சுகம்தான். கதையொண்டு வாசிச்சுக்கொண்டிருந்தனான்."

"கதையோ?"

ரீச்சர் பானையைச் சுரண்டிக்கொண்டே சொல்லத் தொடங்கினார். கப்பல், கண்ணாடிப் பெட்டி, விதானையார். பதினொரு படிவம் என்ற இடத்தில் இரஞ்சிதம் குந்திவிட்டாள்.

"அக்கா, உது எங்கடை வீட்டுத்திட்டத்துக்குப் படிவம் நிரப்பின கதை மாதிரியெல்லோ இருக்கு. பிறகு? பம்பி ஓடினதே?"

"ஓடினது. ஆனா ஒரு வளையம் மிஞ்சிப் போச்சு."

"ஐயோ."

"இன்னும் அதிலைதான் நிக்கிறன்."

"கெதியா வாசியுங்கோ. நான் ஆட்டுக்குக் குழை போட்டிட்டு வாறன்."

பின்னேரம் லோஜனாவின் அழைப்பு வந்தது. இரண்டு வருடமாக முதல் மணியிலேயே எடுத்து, சாப்பிட்டன், குளிச்சன், மருந்து எடுத்தன் என்று மூன்று பதில் சொல்பவர் அன்று ஏழாம் தரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"பிள்ளை, நாலாம் தளத்திலையும் ஆரோ முழிச்சமாதிரிச் சத்தம் கேக்குது. பிறகு எடு." வைத்துவிட்டார்.

லோஜனா பயந்து இரஞ்சிதத்துக்கு எடுத்தாள். அம்மாவுக்குத் தலையில் ஏதும் மாறாட்டமோ என்று கேட்டாள். இரஞ்சிதம் நாலாம் தளம் என்றால் என்னவென்று அரை மணி நேரம் விளக்கினாள்.

ஏழாம் இலக்கம் நாலு நாள் எடுத்தது. ரீச்சர் வேண்டுமென்றே மெல்ல வாசித்தார். காலையில் வாசிப்பார், பத்து மணிக்கு வேலியடியில் இரஞ்சிதத்துக்குச் சொல்வார். பயன் சொல்லிப் பழகிய வாய். எந்த இடத்தில் நிறுத்தவேண்டும், யாருடைய பேச்சை எந்தத் தொனியில் சொல்லவேண்டும் என்பது தானாக வந்தது.

மூன்றாம் நாள் ஒன்பதாம் அத்தியாயம். வெப்பம் குறைந்துகொண்டு போகிறது. சூடேற்றியைத் திருத்த மின்கம்பி தேடிப்போன யாமினி, இருட்டறை ஒன்றுக்குள் தன் தகப்பன் உறங்கும் பெட்டியைக் காண்கிறாள். கண்ணாடி பனி மூடியிருக்கிறது. சட்டைக் கையால் துடைக்கிறாள். முகம் தெரிகிறது. திறக்கமுடியாது. திறந்தால் அவர் செத்துவிடுவார். கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

ரீச்சர் தாளை மடியில் வைத்தார். இப்போது வரும் என்று நினைத்தார். வரட்டும் என்று இருந்தார். மூடிக் கட்டிய பையை, அந்தக் கதவை, நாலு நிமிடத்தை எல்லாம் வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் ஒரு காகம் ஓட்டில் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழும்பித் தேத்தண்ணி வைத்துக் குடித்தார். குடித்துவிட்டுப் பத்தாம் அத்தியாயத்துக்குப் போனார். மின்கம்பி கிடைத்ததா இல்லையா என்று அறிய வேண்டியிருந்தது.

இரஞ்சிதத்துக்குச் சொல்லும்போது அந்த இடத்தில் அழுதது இரஞ்சிதம்தான்.

முடிவு அவர் எதிர்பார்த்தது அல்ல. விதானையாருக்குப் பிள்ளைகளைத் திரும்ப உறங்கவைக்கும் வழி முதலிலிருந்தே தெரியும். சரியான படிவத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் உறங்கிவிட்டால் பம்பியைப் பார்க்க ஆளில்லை. ஆறு பேர் உறங்கப்போகிறார்கள். ஐந்து பேர் விழித்திருக்கிறார்கள். யாமினி அந்த ஐவரில் ஒருத்தி. கப்பல் போய்ச்சேரும் நாளில் அவளுக்கு எண்பத்தொரு வயதாகியிருக்கும். பெட்டிக்குள்ளிருந்து எழும்பிவரும் தகப்பனுக்கு நாற்பது. 'அவர் என்னை அடையாளம் காணமாட்டார். நான்தான் பெயரைச் சொல்ல வேண்டும்' என்ற வசனத்தோடு நாவல் முடிந்தது.

ரீச்சர் எண்பத்தெட்டுப் புள்ளி போட்டார்.

நடுவர் கூட்டம் பிரதேச செயலகத்தின் சிறிய மண்டபத்தில் நடந்தது. இராசநாயகம் சேர் ஓய்வுபெற்ற அதிபர். ரீச்சர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அவர் பகுதித் தலைவர். பிரதாபன் கவிதை எழுதுபவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், யாரையும் பகைக்க விரும்பாதவர். நிலாந்தினி புள்ளிகளைப் பலகையில் எழுதினாள். ஏழாம் இலக்கத்துக்கு நேரே எண்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, முப்பத்தொன்று என்று வந்தது.

இராசநாயகம் சேர் கண்ணாடியைக் கழற்றினார். "ரீச்சர், இலக்கம் மாறி எழுதிப் போட்டியளோ?"

"இல்லை சேர். ஏழுக்குத்தான்."

"உது சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டு. மண்வாசனை எண்டு ஒரு கட்டம் இருக்கு. ஆகாயத்திலை போற கப்பலிலை எங்கை ரீச்சர் தீவகம்?"

"விதானையார் இருக்கிறார் சேர்."

பிரதாபன் சிரித்துவிட்டு இருமல் போலக் காட்டினார்.

"பகிடி இல்லை," என்றார் ரீச்சர். "ஒரு தீவிலை இருக்கிறவைதான் உதை எழுதலாம். தண்ணி இல்லை. கப்பல் போய்ச்சேர ஆர் மிஞ்சுவினம் எண்டு தெரியாது. கேக்கிறதுக்கு ஆள் இல்லை, இருக்கிற ஆள் படிவம் கேக்கிறார். இதைவிட என்ன மண் வேணும்?"

"எழுத்துப்பிழை குவிஞ்சு கிடக்கு. நீங்களே சிவப்பாலை அடிச்சிருக்கிறியள்."

"இருபதாம் தாள் வரைக்கும்தான் சேர் அடிச்சனான். அதுக்குப் பிறகு எனக்கு நேரம் வரேல்லை."

பிரதாபன் மெதுவாகச் சொன்னார்: "சுவாரசியமாத்தான் இருந்தது ரீச்சர். நானும் ஒரே இருப்பிலை வாசிச்சனான். ஆனா அது இலக்கியமோ எண்டுதான் யோசிச்சன்."

"ஒரே இருப்பிலை வாசிச்சுப்போட்டு ஐம்பத்தெட்டுப் போட்டனீரோ?" ரீச்சரின் குரல் உயர்ந்தது. "நான் ரண்டு வருசமா ஒண்டையும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நிலாந்தினி தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

மூவரின் புள்ளியும் கூட்டிப் பார்த்ததில் பறங்கியர் காலத்துக் கதை முதலாவதாக வந்தது. ஏழாம் இலக்கம் நாலாவது. பரிசு மூன்று பேருக்குத்தான். ரீச்சர் பாராட்டுச் சான்றிதழாவது கொடுக்கவேண்டும் என்றார். அதற்கு விதியில் இடமில்லை என்று இராசநாயகம் சேர் சொன்னார். அது உண்மைதான், விதி அப்படித்தான் இருந்தது. மூவரும் கையொப்பமிட்டார்கள்.

வெளியே வந்தபோது ரீச்சருக்குத் திரும்ப எல்லாம் மரத்துப்போயிருந்தது. தோற்றதில் கவலையும் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்றார். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கதைக்கு அடுத்த பாகம் இருக்கிறதா? திரும்பிப் படியேறினார்.

"பிள்ளை நிலாந்தினி, இனி ஆர் எழுதினது எண்டு சொல்லலாம்தானே?"

நிலாந்தினி கோவையைத் திறந்தாள். "ஜசிந்தா எண்டு ஒராள் ரீச்சர். அல்லைப்பிட்டி. தையல் மெசின் திருத்திற அக்கா. உங்களுக்குத் தெரியாதே? ஸ்கூட்டியிலை திருத்திற சாமான் பெட்டியோடை திரிவா."

ரீச்சர் மறுநாளே பஸ்ஸேறினார். அல்லைப்பிட்டி தேவாலயத்தடியில் இறங்கி விசாரித்தார். கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. விறாந்தை முழுக்கக் கழற்றிய தையல் மெசின்கள். ஒரு பழைய சாக்கில், கழற்றிய உறுப்புகள் ஒழுங்காகப் பரப்பிக் கிடந்தன. அதைக் கண்டவுடன் ரீச்சருக்கு வீடு பிழையில்லை என்று தெரிந்துவிட்டது.

ஜசிந்தாவுக்கு நாற்பது நாற்பத்தொன்று இருக்கும். கையில் எண்ணெய். மீள்குடியேறி வந்த காலத்தில் ஒரு நிறுவனம் நடத்திய மூன்று மாத வகுப்பில் மெசின் திருத்தப் பழகியவள். வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரில் அந்த வேலையை விடாமல் செய்பவள் அவள் ஒருத்திதான்.

"வாங்கோ அம்மா. மெசின் கொண்டு வந்தனீங்களே?"

"இல்லை. நான் சரவணையாலை வாறன். சறோஜினிதேவி. உம்முடைய நாவலை வாசிச்சனான்."

ஜசிந்தாவின் முகம் சுருங்கியது. "பிழையள் கூட எண்டு தெரியும் அம்மா. நான் எட்டாம் வகுப்பு மட்டும்தான். கொம்பியூட்டர் கடையிலை ஒரு தங்கச்சி அடிச்சுத் தந்தவ."

"அதை விடும். யாமினி தேப்பனைக் கண்டு என்ன சொல்லுவாள்?"

ஜசிந்தா எழும்பினாள். கையைத் துணியில் துடைத்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அது இன்னும் எழுதேல்லை."

"அடுத்த பாகம் இல்லையோ?"

"இருக்கு. ரண்டாம் பாகம் கொப்பியிலை இருக்கு. ஆனா அதிலை அவளுக்கு முப்பது வயதுதான். எண்பத்தொண்டுக்கு இன்னும் கனக்க எழுத வேணும்."

ஊரடங்குக் காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது தொடங்கியது என்றாள். பின்னேரங்களில் அயல் பெட்டைகள் விறாந்தையில் வந்து இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லத் தொடங்கிய கதை. அவள் விண்வெளிக் கதை ஒன்றையும் வாசித்தவள் அல்ல. தொலைக்காட்சியில் ஏதோ இரண்டு படம் பார்த்திருக்கிறாள். மெசின் எப்படி ஓடும் என்று தெரியும்; பெரிய மெசின் ஒன்றை நினைத்தாள், அதற்குள் ஆட்களை வைத்தாள்.

ரீச்சர் பரிசு கிடைக்காததைச் சொன்னார். நாலாவது என்றார். ஜசிந்தா சந்தோஷப்பட்டாள். "பதினொண்டிலை நாலோ? பரவாயில்லையே."

"எனக்கு ஒரு இடம் மட்டும் ஒப்பேல்லை," என்றார் ரீச்சர். பழைய ஆசிரியைக் குரல் வந்துவிட்டது. "அந்தக் கண்ணாடிப் பெட்டியடியிலை அவள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடேல்லை. தேப்பனெல்லோ. வாசிக்கிற ஆள் அதை எதிர்பார்க்கும்."

ஜசிந்தா தலையாட்டினாள், இல்லை என்று. "அவளுக்கு வராது அம்மா."

"ஏன்?"

"கை விறைச்சிருக்கு. கம்பி கொண்டு போகாட்டில் மற்றப் பிள்ளையள் செத்துப்போங்கள். அப்ப எப்பிடி வரும்? பிறகு வரலாம். வராமலும் விடலாம். எனக்கு அம்மாவின்ரை செத்தவீட்டிலை வரேல்லை. இன்னும் வரேல்லை, பதினேழு வருசம். சனம் சொல்லுறதைச் சொல்லட்டும்."

அம்மா எப்படிச் செத்தார் என்று ரீச்சர் கேட்கவில்லை. அல்லைப்பிட்டியில் பதினேழு வருடத்துக்கு முந்தி, சனத்தைச் சுட்டும் ஷெல்லடித்தும் கொன்ற 2006 என்றால் கேட்கத் தேவையில்லை. தன்னுடையதையும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். குடித்து முடித்ததும், "சரி, அந்த இடம் அப்பிடியே இருக்கட்டும்," என்றார் ரீச்சர்.

திரும்பும்போது மூன்று கொப்பிகள் அவருடைய பைக்குள் இருந்தன. ஜசிந்தாவின் எழுத்து சாய்ந்து நெருங்கியிருந்தது. பஸ் குலுக்கியது. ஆனாலும் வேலணைச் சந்தி வருவதற்குள், ஐந்து பேரில் ஒருவனுக்குக் கண் பார்வை குறைகிறது என்பதும், அதை அவன் மற்றவர்களிடம் மறைக்கிறான் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதத்தில் ஒருநாள் ஜசிந்தா சரவணைப் பக்கம் மெசின் திருத்த வருவாள். வரும்போது புதிதாக எழுதியதைக் கொண்டுவருவாள். ரீச்சர் லகர ளகரம் திருத்துவார்; கதையில் கை வைப்பதில்லை. ஒருமுறை விண்வெளியில் நெருப்புப் பிடித்தால் சுவாலை உருண்டையாக இருக்கும் என்று எழுதியிருந்ததைப் பிழையென்று வெட்டினார். ஜசிந்தா தொலைபேசியில் படம் காட்டினாள். ரீச்சர் வெட்டிய கோட்டை அழித்துவிட்டார். முதற்பாகம் 2024 கார்த்திகையில் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் புத்தகமாக வந்தது. வெளியீட்டு விழா என்று ஒன்றும் வைக்கவில்லை. ஜசிந்தா மெசின் திருத்தப் போகும் வீடுகளில் கொடுத்தாள். இராசநாயகம் சேருக்கும் ஒரு பிரதி போனது. அவருடைய பேத்தி வாசிக்கிறாள் என்று கேள்வி. அவர் வாசித்தாரா தெரியாது.

புராணம் படிக்கும் நாட்களில் ரீச்சர் இப்போதும் கோயிலுக்குப் போவதில்லை. மூன்றாம் வருடத் திவசத்துக்கு, அரியநாயகத்துக்குப் பிடித்த பயிற்றங்காயும் வாழைக்காயும் சமைத்துப் படைத்தார். ஐயர் வந்தார், பெறாமகன் வந்தான், இரஞ்சிதம் இலை எடுத்தாள். அழுகை வரவில்லை. லோஜனா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இப்போது அதைப்பற்றிக் கேட்பதில்லை.

அடுத்த வருடம் ரீச்சருக்கு அறுபத்தேழு வயதாகும். அரியநாயகம் அறுபத்தாறில் நின்றுவிட்டவர்; இனி ரீச்சர்தான் மூத்தவர். இதை ரீச்சர் ஒருநாள் ஜசிந்தாவிடம், கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

ஜசிந்தா யோசித்துவிட்டுக் கேட்டாள். "அப்ப நீங்கள் சொல்லுங்கோவன் ரீச்சர். யாமினி தேப்பனைக் கண்டு முதல்லை என்ன கதைப்பாள்?"

"எனக்குத் தெரியேல்லை," என்றார் ரீச்சர். "நீர் எழுதும். எங்களுக்கு அறிய வேணும். இரஞ்சிதமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."